முழுப்பணமா, மாதப்பணமா?

திருவண்ணாமலை வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய டீக்கடை ஒன்றில், 2025 நடுவில் ஒருநாள் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒருவர் பங்களிப்பு ஓய்வூதியத்தில், நம் வழக்கில் சி.பி.எஸ்ஸில், பணிமுடித்த இடைநிலை ஆசிரியர். மற்றவர் தனியார் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர், தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்ஸில் பல வருஷம் பணம் கட்டி அறுபதைத் தொட்டவர்.

“உங்களுக்காவது மாசாமாசம் ஏதோ வரும் சார். எனக்கு மொத்தமா கொடுத்துக் கணக்க முடிச்சிட்டாங்க.”

“மொத்தமா வந்ததே பெரிசு வாத்தியாரே. என் பணத்துல நாப்பது பர்சன்ட்டை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டு, அவன் கொடுக்கறத வாங்கிக்கன்றாங்க. அது என் காசுதானே?”

ஒருவருக்குக் கிடைத்ததை மற்றவர் கேட்கிறார். இருவரும் குறையோடுதான் எழுந்து போனார்கள். ‘சேமிப்பு முழுவதையும் விடுவி’ என்ற ஓய்வுபெற்றோரின் கோரிக்கையை ஆதரித்தும் மறுத்தும் எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த இருவரில் ஒருவரை மட்டுமே பார்த்து எழுதப்பட்டவை. அதனால் அவை வழக்குரைகளாக நிற்கின்றன, மதிப்பீடாவதில்லை. கோரிக்கையின் நியாயம் ஒன்று, அதை முன்வைக்கும் முறை இன்னொன்று, அது நிறைவேறினால் விளைவது மற்றொன்று. மூன்றையும் தனித்தனியே நிறுத்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை ஏற்காத வாசகர் என் முடிவையும் ஏற்க வேண்டியதில்லை. முதுமைக்கென ஒதுக்கிய பணத்துக்கு மூன்று ஆபத்துகள் உண்டு. சந்தை சரியலாம், விலைவாசி ஏறலாம், பணம் தீர்ந்த பிறகும் ஆள் இருக்கலாம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் மூன்றையும் அரசு சுமந்தது. அதனால்தான் 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் கருணையில் கொடுப்பதன்று, செய்த பணிக்கான உரிமை என்று சொன்னபோது, ‘மொத்தமாகக் கொடு’ என்ற கேள்வியே எழவில்லை. புதிய திட்டங்களில் ஆபத்து பெருமளவு தொழிலாளியின் தலைக்கு மாறிவிட்டது. சாவி மட்டும் மாறவில்லை. என் அளவுகோல் இதுதான்: ஆபத்தைச் சுமப்பவருக்கே பணத்தின் மீது முடிவெடுக்கும் உரிமை. அந்த உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பும் அரசோ நிதியமோ ஆபத்திலும் பங்கேற்றாக வேண்டும்.

கணக்காளரின் என்.பி.எஸ்ஸிலிருந்து தொடங்கலாம். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணிக்கு வந்தவர்களுக்கும், 2009 மே மாதம் முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்ட திட்டம். கணக்கு ஒழுங்கில் இதைக் குறைசொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி எண், தனிக் கணக்கு, அன்றன்றைய மதிப்பு, குறைந்த நிர்வாகக் கட்டணம். நம் நாட்டில் ஓய்வுக்காலச் சேமிப்பு இவ்வளவு வெளிப்படையாக முன்பு இருந்ததில்லை. குறை வாசலில் இருக்கிறது. அறுபதில் வெளியேறும்போது குறைந்தது 40 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆன்யுட்டி, அதாவது ஆயுள்வரை மாதப்பணம், வாங்கியாக வேண்டும் என்பது நெடுங்கால விதி.

இந்தக் கட்டாயத்துக்குப் பின்னால் கனமான ஒரு வாதம் இருக்கிறது. எதிர்ப்பவர்கள் அதை எதிர்கொள்வதே இல்லை. ஆயிரம் பேர் ஒரே தொட்டியில் பணம் போட்டால், சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்களின் மிச்சம் தொண்ணூறு வயதுவரை இருப்பவர்களைக் காப்பாற்றும். விரும்பியவர் மட்டும் சேரலாம் என்றால், நீண்ட நாள் இருப்போம் என்ற நம்பிக்கையுள்ள திடகாத்திரமானவர்களே சேருவார்கள். தொட்டி கட்டுப்படியாகாது, விலை ஏறும். ஆகவே எல்லோரும் சேர வேண்டும். தர்க்கத்தில் பழுதில்லை.

பழுது நடைமுறையில்தான். ஆன்யுட்டி படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும். ஆயுள்வரை மட்டும் என்று ஒரு வரி; கணவன் மனைவி இருவர் ஆயுளுக்கும் என்று ஒரு வரி; பிறகு, போட்ட முதல் வாரிசுக்குத் திரும்பும் என்று ஒரு வரி. நம்மவர் பலரின் விரல் மூன்றாவதில்தான் போய் நிற்கும். பிள்ளைகளுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்ற கவலை. ஆனால் முதல் முழுதும் வாரிசுக்குத் திரும்பிவிட்டால் தொட்டியில் பகிர எதுவும் மிஞ்சாது. கட்டாயத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் அந்த வரியில் டிக் போட்ட கணத்தில் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது குறைந்த வட்டிக்கு ஆயுள்முழுக்கக் கட்டிவைத்த வைப்புத்தொகை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்து லட்சம் சேர்த்தவர் நான்கு லட்சத்தை ஆன்யுட்டியில் வைக்கிறார். முதல் திரும்பும் வகையில் ஆண்டுக்கு 6.5 சதவீதம் கிடைப்பதாகக் கொண்டால் மாதம் 2,166 ரூபாய். அதே நான்கு லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் போட்டால் மாதத்துக்கு 2,733 ரூபாய். தபால் நிலைய வட்டி ஆயுளுக்கும் உறுதியில்லை, ஐந்தாண்டுக் கெடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் முதல் கையருகில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கொஞ்சம் அபராதம் கொடுத்து எடுத்துவிடலாம். ஆன்யுட்டி தரும் 2,166 ரூபாய் இன்றும் அதே, பன்னிரண்டு வருஷம் கழித்தும் அதே. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அதற்குள் அதன் வாங்கும் திறன் பாதியாகிவிடும். ஆண்டுக்கு 3 சதவீதம் உயரும் வகையும் கிடைக்கிறது; அதை எடுத்தால் தொடக்கத் தொகையே சுருங்கிவிடும். அகவிலைப்படி என்ற சொல்லுக்கு இந்தப் படிவத்தில் இடமில்லை.

2025 டிசம்பரில் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையம் வெளியேறும் விதிகளைத் திருத்தியது. அரசு சாராத சந்தாதாரர்கள் 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம். சேமிப்பு எட்டு லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் எடுக்கலாம். டீக்கடைக் கணக்காளருக்கு இது வெற்றி. திட்டத்தின் ஒருமைக்கு இது பின்னடைவு. அரசு ஊழியருக்கு 40 சதவீதக் கட்டாயம் அப்படியே இருக்கிறது. முதுமையில் ஏமாந்துவிடக்கூடாது என்பதுதான் பூட்டின் காரணம் என்றால், சம்பளம் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து அந்தக் காரணம் எப்படி மாறும்? கம்பெனிக்காரருக்கு எண்பது வயதில் வரும் தள்ளாமையும் அரசு ஊழியருக்கு வரும் தள்ளாமையும் ஒன்றுதான். அரசு தன் பங்கையும் போடுவதால் அதற்குக் கூடுதல் உரிமை என்று பதில் சொல்லலாம், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அரசு தன் பங்குக்கு ஈடான உத்தரவாதத்தையும் தர வேண்டும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 25 ஆண்டு பணிக்கு, கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்று மத்திய அரசு இறங்கிவந்ததே, என்.பி.எஸ் ஏற்பாடு தன் காலில் நிற்கவில்லை என்பதற்கு ஒப்புதல்.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ்-95 வேறு வகை. 1995 நவம்பர் 16 முதல் நடப்பது. செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் உழைத்து ஓய்ந்தவர்கள் நம் மாவட்டத்தில் இதன் வரம்புக்குள் வருகிறார்கள். நிறுவனத்தின் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இந்தப் பொதுத்தொட்டிக்குப் போகிறது. சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் பென்ஷன். அந்த உச்சவரம்பிலேயே முப்பது வருஷம் என்றால் 6,428 ரூபாய்; இருபதாண்டுக்கு மேல் பணி செய்தவருக்கு இரண்டு வருஷம் கூட்டிக்கொள்வதால் 6,857. பெரும்பாலோர் அந்த அளவைத் தொடுவதில்லை. குறைந்தபட்சப் பென்ஷன் 2014-இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை 7,500 ரூபாயாக்கி அகவிலைப்படியும் தர வேண்டும் என்று நாடு முழுக்கப் போராடுகிறார்கள்.

இங்கே ‘என் பணத்தைக் கொடு’ என்ற முழக்கம் பொருந்தாது. இது தனிக்கணக்கில்லை, பொதுத்தொட்டி. அதிலிருந்து ஒருவர் தன் பங்கைப் பிரித்தெடுத்துக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. போராட்டக்காரர்கள் இதை உணர்ந்து தொகை உயர்வை மட்டும் கேட்பது அவர்களுடைய தெளிவு. ஆனால் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் கம்முட்டேஷன் வசதியை 2008 செப்டம்பரில் எடுத்துவிட்டது தனியாகக் கண்டிக்க வேண்டிய செயல். சேரும்போது இருந்த கதவைப் பாதி வழியில் அடைத்தார்கள். அடைத்ததற்கு ஈடாக எந்த ஆபத்தையும் கூடுதலாகச் சுமக்கவில்லை.

2022 நவம்பர் 4 அன்று உயர் ஓய்வூதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு நடந்தது இந்த விவாதத்துக்கே பெரிய சான்று. முழுச் சம்பளத்துக்கேற்ற பென்ஷன் வேண்டுமானால், ஓய்வு பெறும்போது வாங்கிய வருங்கால வைப்பு நிதியில் உரிய பங்கை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றானது. விண்ணப்பித்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏற்கனவே ஓய்வு பெற்றவர்கள், கைக்கு வந்துவிட்ட மொத்தத் தொகையில் பெரும்பங்கைத் திரும்பக் கொடுத்தாவது மாதப்பணம் வாங்க முன்வந்தவர்கள். முழுப்பணத்தின் மீது மக்களுக்கு இயல்பாகவே மோகம் என்று சொல்லும் அதிகாரிகளும், முழுப்பணம்தான் எல்லோருடைய விருப்பம் என்று சொல்லும் இயக்கத்தினரும் இந்த எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். பென்ஷன் விலைக்குத் தகுந்ததாக இருந்தால் ஜனங்கள் மொத்தத் தொகையை விட்டுக்கொடுக்கிறார்கள். பூட்டைத் திற என்று கேட்பது பூட்டின் மேலுள்ள வெறுப்பால் அன்று; உள்ளே இருக்கும் பென்ஷன் மட்டமாக இருப்பதால்.

போக்குவரத்துக் கழகங்களைப் பற்றி இரண்டு வரி போதும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்ற ஓட்டுநர், நடத்துநர்கள் தங்கள் சொந்த வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். அவர்களுக்கான அகவிலைப்படி உயர்வு 2015 நவம்பரிலிருந்து பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே திறனாய்வுக்கே வேலையில்லை. சம்பளத்தில் பிடித்த பணத்தைச் செலவழித்துவிட்டு, கேட்டவரைக் காத்திருக்கச் சொல்வதற்கு எந்த அளவுகோலிலும் இடம் கிடையாது.

இனி வாத்தியாரின் சி.பி.எஸ். திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில் இந்த விவாதம் சூடாக இருப்பதற்கு இதுவே காரணம். இங்கே அரசுச் சம்பளமும் பென்ஷனும்தான் கடைத்தெருவை ஓட்டுகின்றன. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு இத்திட்டம் பொருந்தியது. இதற்கான அரசாணை 259-இன் தேதி 2003 ஆகஸ்ட் 6. அதே நாளில்தான், ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பென்ஷன் போன நாளும் அதைக் கேட்டுப் போராடும் உரிமை மறுக்கப்பட்ட நாளும் ஒன்றாக அமைந்ததை, அந்தத் தலைமுறை ஊழியர்கள் மறக்கவில்லை.

திட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். ஊழியர் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம். அரசும் அதே அளவு. பிற மாநிலங்களில் பெரும்பாலானவை இந்தப் பணத்தை மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் அனுப்பின. தமிழ்நாடு அனுப்பவில்லை, தன் பொறுப்பிலேயே வைத்து, பொது வைப்பு நிதிக்குரிய வட்டி கொடுத்தது. சந்தை ஆபத்து ஊழியர் தலையில் விழவில்லை என்பது உண்மையான நிறை. ராஜஸ்தானும் சத்தீஸ்கரும் ஹிமாசலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்குத் திரும்ப முடிவெடுத்தபோது, அனுப்பிய பணத்தைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு கைவிரித்தது. மாநில அரசுகளே தங்கள் சேமிப்பு பூட்டப்பட்டவர்களாய் நின்றன. தமிழ்நாட்டுக்கு அந்த நிலை வரவில்லை. திட்டமிட்டுச் செய்ததா, தீர்மானிக்காமல் விட்டதன் விளைவா என்பது வேறு கேள்வி. விளைவு நன்மையாக முடிந்தது.

ஆனால் திட்டத்தின் பெயரிலிருந்த ஓய்வூதியம் திட்டத்துக்குள் இல்லை. பணிமுடித்தவருக்கு அவர் பங்கும் அரசின் பங்கும் வட்டியும் சேர்த்து மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மாதப் பென்ஷன் கிடையாது. அதாவது, என்.பி.எஸ்காரர்கள் கேட்கும் முழு விடுவிப்பு தமிழ்நாட்டில் ஏற்கனவே நடைமுறையில் இருந்தது. திட்டத்தில் இருந்தவர்கள் அதைக் கொண்டாடவில்லை; ‘சி.பி.எஸ்ஸை ஒழி’ என்று இயக்கமே நடத்தினார்கள், 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தில் கைதானார்கள்.

ஏன் என்பதற்கு அந்த இடைநிலை ஆசிரியரே சான்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்புக்காகக் காத்திருந்து, நாற்பதை ஒட்டிய வயதில் வேலைக்கு வந்தவர். நம் மாநிலத்தில் 2003-க்குப் பின் சேர்ந்தவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். பணிக்காலம் பதினெட்டு வருஷம். பிடித்தம் குறைவு, வட்டிக்கு வட்டி வளரக் காலமும் இல்லை. கைக்கு வந்தது பதினான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்று பிறகு என்னிடம் சொன்னார். பாதி வீட்டுக் கடனுக்குப் போயிற்று, மீதியில் ஒரு பங்கு மகள் கல்யாணத்துக்கு. இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது? முழுவதையும் அப்படியே போட்டு வைத்திருந்தாலும் 7 சதவீதத்தில் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம்தான். பழைய திட்டத்தில் அவருக்கு முன்னால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வாங்கும் பென்ஷனோடு அவர் இதை ஒப்பிட்டார். நான் ஏதும் சொல்லவில்லை.

சி.பி.எஸ்ஸை ஆராயச் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு, பிறகு அதற்கே டி.எஸ். ஸ்ரீதர் தலைமை, கடைசியாக ககன்தீப் சிங் பேடி குழு. பத்தாண்டில் இவற்றைக் கடந்து, 2026 ஜனவரி 3-ஆம் தேதி தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, ஆறு மாதத்துக்கொரு முறை அகவிலைப்படி, குடும்பத்துக்கு அதில் 60 சதவீதம். ஊழியர் பத்து சதவீதம் தொடர்ந்து கட்ட வேண்டும். மீதியை அரசு ஏற்கும். சி.பி.எஸ்ஸில் இருந்து, இத்திட்டம் வருமுன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம்.

என் அளவுகோலில் இது ஒருமையுள்ள ஏற்பாடு. சாவியைக் கையில் வைத்திருக்கும் அரசு சந்தை, விலைவாசி, ஆயுள் மூன்றையும் சுமக்கிறது. என்.பி.எஸ்ஸிலும் சி.பி.எஸ்ஸிலும் இல்லாத இந்தப் பொருத்தத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய திட்டத்தில் ஊழியர் பென்ஷனுக்காக எதுவும் கட்டவில்லை. இங்கே பணிக்காலம் முழுக்கக் கட்டிய பத்து சதவீதம் பொதுநிதியில் கரைந்துவிடுகிறது. மொத்தமாகக் கொஞ்சம் வேண்டுமென்றால் அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதே ஊழியர் முதலில் பார்க்க வேண்டிய வரி. மற்றது சொல் பற்றியது. ஏற்கனவே ஓய்வு பெற்றவருக்குத் தருவதைக் ‘கருணை’ ஓய்வூதியம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நகரா தீர்ப்பு நாற்பது வருஷத்துக்கு முன் நிராகரித்த சொல் அது. பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. கருணைத்தொகையை அடுத்த அரசு குறைத்தால் உரிமை என்று வழக்குப் போடுவது கடினம்.

முழு விடுவிப்பை எதிர்ப்பவர்களின் பக்கம் உள்ள சான்றுகளையும் நிறுக்க வேண்டும். மலேசியாவில் கோவிட் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு முறை விடுவித்தார்கள். வெளியேறியது 145 பில்லியன் ரிங்கிட். தோட்டப் பின்புலத்திலிருந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலரின் கணக்கில் பத்தாயிரம் ரிங்கிட்கூட மிஞ்சவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்து ஆரணியிலும் செய்யாறிலும் கிளை விரித்த ஆருத்ரா கோல்டு வழக்கில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்ன தொகை 2,438 கோடி ரூபாய்; மாதம் இருபத்தைந்து, முப்பது சதவீத வட்டி என்ற பேச்சை நம்பிப் போட்டவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். மொத்தப் பணம் கைக்கு வந்த வீட்டின் கதவை யார் முதலில் தட்டுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் திருடன் வருகிறான் என்பதற்காக வீட்டுக்காரரின் பணத்தை மட்டமான வட்டிக்குப் பறித்து வைப்பது, திருடனைப் பிடிக்கும் வேலையைத் தட்டிக்கழிப்பதாகும். மேலும் ஏமாறுவோர் சிலர் என்பதால் எல்லோர் மீதும் கட்டாயம் என்றால், அந்தக் கட்டாயத்தின் தரத்துக்கு விதித்தவரே முழுப்பொறுப்பு.

போராட்ட முறைகளில் என் மதிப்புக்குரியது பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுடையது. வைப்பு நிதியில் நிறுவனத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற 2016 பிப்ரவரி விதியை எதிர்த்து, ஏப்ரல் 18, 19 இரண்டே நாள் சாலைக்கு வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 19-ஆம் தேதியே விதி திரும்பப் பெறப்பட்டது. அவர்களிடம் கோட்பாடு இருக்கவில்லை, துல்லியம் இருந்தது: வேலை போனால் எங்களுக்கு இது ஒன்றுதான் காப்பு, வேறு காப்பு கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள். அந்தப் பாடம் படிக்கப்படவில்லை. 2025 அக்டோபரில் வைப்பு நிதி அறங்காவலர் குழு 25 சதவீதத்தைக் கணக்கிலேயே வைக்க வேண்டும், வேலை இழந்தவர் முழுக் கணக்கை முடிக்க இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது, வேலையில்லாக் காலத்துக்கு வேறு என்ன காப்பு என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

சிங்கப்பூர் எதிர்மறைப் பாடம். மத்திய சேமநிதியை 55 வயதில் எடுக்கலாம் என்றிருந்ததை 60 ஆக்கலாம் என்று 1984-இல் ஹோவ் யூன் சோங் குழு சொன்னதும் மக்கள் கொதித்தார்கள். அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளி சரிந்தது. 1987-இல் குறைந்தபட்சத் தொகை வந்தது, ஆண்டுதோறும் ஏறியது. 2025-இல் 55 வயதை எட்டியவர் முழு ஓய்வுக்காலத் தொகையாக 2,13,000 வெள்ளி ஒதுக்க வேண்டும் என்றானது. 2014 ஜூனில் ஹாங் லிம் பூங்காவில் ‘எங்கள் சேமநிதியைத் திருப்பிக் கொடு’ என்று திரண்டவர்கள், பணம் எங்கே முதலீடு செய்யப்படுகிறது என்ற கேள்வியைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. குறை, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டது: முழுப்பணம், அதிக வட்டி, வெளிப்படைத்தன்மை. அவற்றில் வெளிப்படைத்தன்மைக்கு எதிர்வாதமே கிடையாது; முழுப்பணத்துக்கு இருந்தது. அரசு வசதியானதை எடுத்துப் பதில் சொன்னது. அங்கே 2009 முதல் உள்ள ஆயுள்காலத் தொகைத் திட்டம், ஓய்வுக்காலக் கணக்குக்கு 4 சதவீத வட்டிக்கு அரசே உறுதி, எவ்வளவு காலம் இருந்தாலும் மாதப்பணம் என்று தருவதால், அங்குள்ள பூட்டை நம் என்.பி.எஸ் பூட்டைப் போல எளிதில் கண்டிக்க முடியாது.

சேர்த்து நிறுத்தால் என் முடிவு இவ்வாறு நிற்கிறது. என்.பி.எஸ்ஸில் ஆன்யுட்டி விலைவாசிக்கு ஈடுகொடுக்காமல், சந்தை ஆபத்து முழுக்கச் சந்தாதாரர் மீது விழும் இன்றைய நிலையில், முழு விடுவிப்புக் கோரிக்கை நியாயமானது. தனியாருக்கு 80 சதவீதம் என்று திறந்ததை அரசு ஊழியருக்கு மறுக்கக் காரணமில்லை. இபிஎஸ்-95-இல் அந்தக் கோரிக்கைக்கு இடமில்லை. அகவிலைப்படியோடு கூடிய பென்ஷனுக்கு முழு இடம் உண்டு. சி.பி.எஸ் முழுப்பணத்தைக் கொடுத்தும் தோற்ற திட்டம். தோல்விக்குக் காரணம் பென்ஷன் இல்லாமை. எல்லா இயக்கங்களின் மனுக்களிலும் முதல் வரி மாற வேண்டும். ‘எங்கள் பணத்தை எங்களிடம் கொடு’ என்பதற்கு முன்னால், ‘விலைவாசியோடு ஏறும் பென்ஷனை நியாயமான விலைக்கு வை, வேண்டுமா என்று எங்களைக் கேள்’ என்று எழுதப்பட வேண்டும். 17 லட்சம் பேரின் விண்ணப்பங்கள் அந்த வரிக்கு ஏற்கனவே போட்ட கையெழுத்து.

வேங்கிக்கால் டீக்கடை ஆசிரியரை அண்மையில் கருவூலத்தில் மறுபடி பார்த்தேன். பழைய திட்டத்தில் பென்ஷன் வாங்குபவர்களுக்கு ஓய்வு பெற்ற மாதத்தில் கருவூலத்தில் ஆண்டு நேர்காணல் உண்டு. ஆதாரோடு போய், உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருவார்கள். பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியருக்கு எண்பதைக் கடந்துவிட்டது. அவரைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டி வந்தவர் பெயரில் அங்கே ஏடு இல்லை.